இ.சி.யில் வராத வில்லங்கம்: கடலூரில் வீடு வாங்குமுன்

திருப்பாதிரிப்புலியூரிலோ மஞ்சக்குப்பத்திலோ வீடு பார்க்கப் போனால், புரோக்கர் முதலில் நீட்டுவது 'வில்லங்கம் இல்லை' என்று வந்த இ.சி.யை, அதாவது ஒரு சொத்தின்மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழைத்தான். அந்தத் தாள் பொய் சொல்லாது. ஆனால் கேட்ட எண்ணுக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

அதனால் எந்த சர்வே எண்ணுக்கு இ.சி. போட்டார்கள் என்று பாருங்கள். 112/3 என்று இருந்த சர்வே எண் உட்பிரிவாகி 112/3ஏ1 ஆகியிருக்கலாம். டவுன் சர்வே முடிந்த இடமென்றால் வார்டு, பிளாக், டி.எஸ். எண் என்றே மாறியிருக்கும். புது எண்ணுக்கு மட்டும் தேடினால், பழைய எண்ணில் பதிவான அடமானமும் கிரயமும் கண்ணில் படாமல் போகும். தாய்ப்பத்திரத்தில் (இடத்தின் பழைய மூலப் பத்திரம்) உள்ள எண், அதன் உட்பிரிவுகள், இப்போதைய எண் எல்லாவற்றுக்கும் குறைந்தது 30 வருஷத்துக்கு நீங்களே போடுங்கள். அந்த இடம் முன்பு வேறு சார்பதிவகத்தின் எல்லையில் இருந்திருந்தால் அங்கேயும் தேட வேண்டும். கன்னியக்கோயில், பாகூர்ப் பக்கம் மனை என்றால் அது புதுச்சேரி. தமிழ்நாட்டுப் பதிவுத்துறையில் தேடிப் பயனில்லை.

இ.சி. கைக்கு வந்ததும் பெயர்களைக் கோத்துப் பாருங்கள். ஒரு வரியில் எழுதி வாங்கியவர்தான் அடுத்த கிரயத்தில் எழுதிக் கொடுத்தவராக இருக்க வேண்டும். பெயர் தாவினால் நடுவில் ஒரு சாவோ, உயிலோ, பதிவாகாத பத்திரமோ இருக்கிறது. உயிலைப் பதிய வேண்டிய கட்டாயமே இல்லை என்பதால் அது இ.சி.யில் தெரியாமலே இருக்கலாம்.

பிறகு பரப்பைக் கழியுங்கள். 2,400 சதுர அடி வாங்கியவர் முதலில் 1,200, அடுத்து 800 விற்றிருந்தால் மிச்சம் 400. அவர் மகன் உங்களுக்கு 1,200 எழுதித் தருகிறார் என்றால் அதில் 800 அடி ஆகாயத்தில்தான் இருக்கிறது. பழைய பத்திரத்தில் குழி என்ற நில அளவில் கணக்கு வந்தால் கவனம்: புதுச்சேரி வட்டாரக் குழி 576 சதுர அடி, தஞ்சைப் பக்கத்துக் குழி 144.

பெரும்பாலான வழக்குகள் வாரிசில்தான் கிளம்புகின்றன. அப்பா உயில் எழுதாமல் இறந்தார், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை பதிந்துகொண்டார்கள், தங்கையின் கையெழுத்து இல்லை. இ.சி.யில் பாகப்பிரிவினை சுத்தமாகத் தெரியும், தங்கையின் பங்கு தெரியாது. வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் கையெழுத்து எங்கே என்று தேடுங்கள். இந்துக் குடும்பங்களில் பலர் தவறவிடும் ஆள் பாட்டி. மகன் இறந்தபோது தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் சம பங்கு உண்டு. அவரும் பிறகு உயில் இல்லாமல் காலமாகியிருந்தால், அந்தப் பங்கில் அத்தைமாருக்கும் சித்தப்பாமாருக்கும் உரிமை வந்துவிடும். மைனர் பங்கை நீதிமன்ற அனுமதியில்லாமல் அப்பாவோ அம்மாவோ விற்றிருந்தால், பிள்ளை 18 வயது முடிந்தபின் 3 வருஷத்துக்குள் வழக்குப் போட முடியும்.

உரிமையாளர் எழுதிக் கொடுத்த பவர் (அதிகாரப் பத்திரம்) வைத்து விற்கிறவர் வந்தால், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் பாருங்கள். அவர் போனால் பொதுவாக பவரும் போச்சு.

பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது என்பதை உரிமைக்குச் சான்றாக எடுக்காதீர்கள், அது வருவாய்த்துறைப் பதிவு மட்டுமே. ஆனால் எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டையும் டவுன் சர்வே பதிவேட்டையும் அவசியம் பாருங்கள். பத்திரம் எத்தனை கை மாறியிருந்தாலும், கோயில் நிலம் அல்லது புறம்போக்கு என்ற குறிப்பு அங்கேதான் பிடிபடும்.

ஒரிஜினல் பத்திரம் தொலைந்துபோச்சு என்றால் உடனே சந்தேகப்படுங்கள். எங்கோ கடனுக்கு ஈடாகக் கிடக்கலாம். பதிவுக்குப் போகிற அன்று காலை இன்னொரு இ.சி. எடுத்து, அட்வான்ஸ் கொடுத்த நாளுக்குப் பின் புது வரி ஏதும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தாய்ப்பத்திரம் முதல் எல்லா ஒரிஜினலும் மேசைமேல் வந்தபிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.