28 த்ரெட்டைப் பார்த்து மயங்காதீங்க: பழைய சர்வர் ப்ராசஸரையும் புது டெஸ்க்டாப் ப்ராசஸரையும் ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற தம்பி ஒருவன் வாட்ஸப்பில் ஒரு கொட்டேஷன் அனுப்பினான். "அண்ணே, 14 கோர், 28 த்ரெட், 64 ஜிபி ராம். இதே காசுக்குப் புதுசு கேட்டா 6 கோர்தான் தர்றாங்க. எடுத்துடலாமா?" உள்ளே இருந்தது இன்டெல் ஜியான் இ5-2680 வி4 என்ற பழைய சர்வர் ப்ராசஸர். அவன் வேண்டாம் என்று தள்ளிவைத்தது கோர் ஐ5-12400 என்ற டெஸ்க்டாப் ப்ராசஸர். எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஏனென்றால் இதே கணக்கைப் போட்டுத்தான் நானும் ஒரு காலத்தில் புதுச்சேரியில் ஒரு கடையில் பழைய சர்வர் பெட்டியை வாங்கி, பைக்கில் பின்னால் ஒருவரை உட்கார வைத்துப் பிடிக்கச் சொல்லி, கடலூர் வரை கொண்டு வந்தேன். (பாண்டியில் வாங்கினால் வரி குறைவு என்ற பழைய நினைப்பு வேறு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வரி ஒன்றுதான்.)

முதல் சறுக்கல் கோர் எண்ணிக்கை, அதாவது ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளின் எண்ணிக்கை. கடலூர் ஓ.டி. (பழைய நகர்) துறைமுகத்தில் படகிலிருந்து மீன் இறக்க பதினாலு பேர் நிற்கலாம், ஆனால் ஏலம் கூறுகிறவர் ஒருவர்தான், அவர் வாயைத் திறக்கிற வேகத்தில்தான் கூடை நகரும். கணினி வேலையும் அப்படித்தான், ஒரு பகுதியைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், மிச்சம் வரிசையில்தான் போகும். 1967இல் ஜீன் ஆம்டால் என்ற கணினி வல்லுநர் சொன்னது இதைத்தான். ஒரு வேலையில் 80 சதவீதத்தைப் பிரிக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கோரில் ஓடுவதைவிட 6 கோரில் 3 மடங்கு வேகம் கிடைக்கும், 14 கோரில் சுமார் 3.9 மடங்கு. இரண்டு மடங்குக்கு மேல் கோர் போட்டும் கூடுதலாகக் கிடைத்தது 0.9தான். பாதி வேலையைத்தான் பிரிக்க முடியும் என்றால் 1.7க்கும் 1.9க்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவே. இதெல்லாம் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோரும் ஒரே வேகம் என்று வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் அப்படி இல்லை.

ஏன் என்றால் கிகாஹெர்ட்ஸ். ஜியானில் 2.4, ஐ5இல் 2.5, கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று தம்பியும் சொன்னான். அது அடிப்படை வேகம், இரண்டுமே பெரும்பாலான நேரம் அதில் ஓடாது. 2016இல் வந்த அந்த ஜியான் ஒரு கோர் மட்டும் ஓடும்போது 3.3 வரை போகும், எல்லாக் கோரும் ஒன்றாக ஓடினால் 2.9 பக்கம் இறங்கிவிடும். 2022 ஜனவரியில் வந்த ஐ5 4.4 வரை போகும். அதுவும் முழுக்கதை இல்லை. ஒரே கிகாஹெர்ட்ஸில் ஓடினாலும் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை கட்டளையை முடிக்கிறது என்பதில் புதியது முந்திவிடுகிறது, இடையில் ப்ராசஸரின் உள் வடிவமைப்பே பல தடவை மாறியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒற்றைக் கோர் வேகத்தில் ஐ5 ஒன்றரை மடங்குக்கு மேலேயே நிற்கும். எல்லாக் கோரையும் ஓட்டும் சோதனையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். பதினாலு கோர் இருந்தும் அவ்வளவுதான்.

அப்புறம் அந்த 28 த்ரெட். ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை வரிசையைப் பிடிக்கும், அந்த வரிசைதான் த்ரெட். ஒரு தோசை மாஸ்டருக்கு இரண்டு பேர் மாவு எடுத்துக் கொடுப்பது மாதிரி. மாஸ்டர் சும்மா நிற்கும் நேரம் குறையும், மாஸ்டர் இரண்டு பேராகிவிட மாட்டார்.

பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) மதிப்பெண்ணை எடுத்துப் பார்க்கிறவர்கள் இந்த வலையில் விழமாட்டார்கள், ஆனால் வேறு வலையில் விழுவார்கள். சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளில் ஆர்15, ஆர்20, ஆர்23 என்று பல பதிப்பு உண்டு, ஒன்றின் மதிப்பெண்ணை இன்னொன்றோடு சேர்த்துப் பார்த்தால் அது கிலோவையும் படியையும் ஒப்பிடுகிற கதை. சர்வர் ப்ராசஸரில் இன்னொரு வேடிக்கை, இரண்டு ப்ராசஸர் போட்ட மெஷினின் மதிப்பெண்ணை ஒற்றை ப்ராசஸரின் மதிப்பெண் என்று காட்டிவிடுவார்கள். 2016இல் எடுத்த சோதனையையும் அப்படியே நம்ப வேண்டாம். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற ப்ராசஸர் பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்த பிறகு போட்ட பாதுகாப்பு ஒட்டுகளால் பழைய ப்ராசஸர்கள் சில வேலைகளில் கொஞ்சம் வேகம் இழந்தன.

இனி தம்பியின் வேலைக்கே வருவோம், வீடியோ ஆட்களைப் பெரிதாகக் கடிக்கிற விஷயம் இது. இப்போது வருகிற பல கேமராக்கள் எச்.265 என்ற சுருக்கும் முறையில், நிற விவரம் அதிகம் வைக்கும் 10 பிட், 4:2:2 என்று பதிவு செய்கின்றன. அந்த ஃபைலை டைம்லைனில் போட்டு முன்னும் பின்னும் இழுக்க, அதை அவிழ்ப்பதற்கென்றே செய்த தனிச் சுற்று ப்ராசஸருக்குள்ளோ கிராஃபிக்ஸ் கார்டிலோ இருக்க வேண்டும். ஐ5-12400இன் உள் கிராஃபிக்ஸில் குவிக் சிங்க் என்ற பெயரில் அது இருக்கிறது. ஜியான் இ5இல் உள் கிராஃபிக்ஸே கிடையாது, வீடியோ வேலைக்குத் தனியாக ஒரு கார்டு போட வேண்டும். அந்தக் கார்டும் பழையதாக இருந்தால், அல்லது புதியதாகவே இருந்தும் 4:2:2 அவிழ்க்கத் தெரியாததாக இருந்தால், மொத்தச் சுமையும் கோர்கள் தலையில்தான் விழும். ஒரு எச்சரிக்கை: பெயரின் கடைசியில் எஃப் போட்ட 12400எஃப்இல் உள் கிராஃபிக்ஸ் இருக்காது. கொஞ்சம் காசு மிச்சம் என்று அதை எடுத்துவிட்டு அப்புறம் என்னிடம் கேட்காதீர்கள்.

மின்சாரத்தில் எல்லாரும் டிடிபி (ப்ராசஸர் வெளியிடும் வெப்பத்தை வாட்டில் சொல்வது) எண்ணைப் பிடித்துக்கொள்வார்கள். ஜியான் 120 வாட், ஐ5 65 வாட், அப்போ பாதி கரண்ட் என்று. அப்படி இல்லை, அந்த 65 அடிப்படை வேகத்துக்கான எண். முழு மூச்சில் ஓடும்போது இன்டெலே 117 வாட் வரை என்று சொல்கிறது. உண்மையான வித்தியாசம் மெஷின் சும்மா இருக்கும்போது. சர்வர் போர்டு, நாலைந்து ராம் குச்சி, பெரிய ஃபேன், தனி கார்டு எல்லாம் சேர்ந்து, வேலையே இல்லாதபோதும் 60 வாட் அதிகம் இழுத்தால், தினம் 10 மணி நேரத்துக்கு இரண்டு மாத பில்லில் 36 யூனிட். நம் பக்கம் பில் படிப்படியாக ஏறுகிறது, அந்த 36 உங்களை எந்தப் படியில் தள்ளும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். கடையில் இருக்கிற யூபிஎஸ்ஸையும் பாருங்கள். 600 விஏ என்று எழுதியிருக்கும், அது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். எக்ஸ்போர்ட் ஓடும்போது கரண்ட் போனால் சர்வர், கார்டு, மானிட்டர் மூன்றையும் அது பிடித்து நிற்பது சந்தேகம்தான்.

ப்ராசஸரை மட்டும் ஒப்பிட்டு மற்றதை மறப்பதுதான் நான் செய்த தவறு. என் பெட்டியில் இருந்தது ரிஜிஸ்டர்டு இசிசி ராம், சர்வருக்கென்றே செய்த பிழை திருத்தும் வகை. நாளைக்குப் புது மெஷின் வாங்கினால் இதைக் கழற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன், சாதாரண டெஸ்க்டாப் போர்டில் அது வேலையே செய்யாது. விண்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியலில் ஜியான் இ5 வி4 இல்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. வி1, வி2 என்று இன்னும் பழையதை மலிவாகத் தந்தால் இன்னும் கவனம், அவற்றில் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இல்லை, சில புதிய மென்பொருள்கள் திறக்கவே மறுக்கும். போர்டும் ஒரு கேள்விக்குறி. இந்த ஜியான் ஏறும் வகையான எக்ஸ்99இல், புதுசு என்று விற்கும் மலிவு போர்டுகள் பலவற்றில் பழைய போர்டிலிருந்து பிடுங்கிய சிப்செட்தான் இருக்கும். தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், உப்புக் காற்றில் ஏற்கெனவே பல வருஷம் ஓடிய போர்டு எத்தனை நாள் தாங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, பழசு என்றாலே குப்பை என்பதும் அதே அளவு தப்பு. அந்த ஜியானுக்கு நான்கு ராம் வழி, டிடிஆர்4-2400 போட்டால் நொடிக்கு 76.8 ஜிபி கடத்தும். ஐ5இல் இரண்டு வழிதான், டிடிஆர்4-3200 போட்டாலும் 51.2. கார்டு, டிஸ்க் மாட்ட உதவும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை ஜியானில் 40, ஐ5இல் 20. ஐ5 128 ஜிபி ராமோடு நின்றுவிடும், ஜியான் 1.5 டிபி வரை ஏற்கும். பத்துப் பதினைந்து வெர்ச்சுவல் மெஷின் (ஒரே கணினிக்குள் ஓடும் மென்பொருள் கணினி) ஓட்டிப் பழக வேண்டும், டேட்டாபேஸ் முழுவதையும் ராமிலேயே வைக்க வேண்டும், ஏழெட்டு ஹார்டு டிஸ்க் மாட்ட வேண்டும் என்கிற பையன்களுக்கு அதே காசில் அதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம்.

தம்பியிடம் கடைசியாக ஒன்றுதான் சொன்னேன். போன முகூர்த்தத்தில் எடுத்த ஐந்து நிமிஷ ஃபைல் ஒன்றை பென்டிரைவில் போட்டுக்கொண்டு போ, அந்தக் கடை மெஷினில் டைம்லைனில் இழுத்துப் பார், எக்ஸ்போர்ட் போட்டு நேரத்தைக் குறி, அதே ஃபைலை 12400 வைத்திருக்கிற உன் கூட்டாளி வீட்டிலும் செய்து பார். தாலி கட்டுகிற இடத்திலேயே கடை மெஷினில் படம் நின்று நின்று ஓடியதாம். ஐ5 எடுத்துவிட்டான். என் சர்வர் பெட்டி இன்னும் மாடிப்படிக்கு அடியில் பேக்கப் வேலை பார்க்கிறது, ராத்திரியில் மட்டும் அணைத்துவிடுவேன், அந்த ஃபேன் சத்தத்தில் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.