ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன மூதாதையைத் தேடுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

என் கணவர் வீட்டில் ஒரு பழைய ஜெர்மன் பைபிள் இருக்கிறது. அட்டை பிய்ந்து, துணி நாடாவால் கட்டி வைத்தது. செயின்ட் லூயிஸில் இருக்கும் அவருடைய பாட்டி போன வருடம் அதை என் கையில் கொடுத்து, "கடைசிப் பக்கத்தில் என் கொள்ளுத்தாத்தா ஏதோ எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது. நீ வேறு எழுத்தெல்லாம் படிக்கிறவள், பாரேன்" என்றார். அந்தக் கொள்ளுத்தாத்தா 1850களில் ஜெர்மனியிலிருந்து வந்தவர் என்பது மட்டும்தான் குடும்பத்துக்குத் தெரியும். எந்த ஊர், ஏன் வந்தார், எப்படி வாழ்ந்தார், எதுவும் தெரியாது.

ஒன்பது மாதம் தேடினேன். எந்த வரிசையில் தேடினால் கிடைக்கும் என்பது இப்போது புரிகிறது. அமெரிக்காவில் ஜெர்மன் வழிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு அம்மா வழியோ அப்பா வழியோ ஒரு ஜெர்மன் கிளை இருக்கும். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் தேட வேண்டியது ஜெர்மனியை அல்ல, ஒரு கிராமத்தின் பெயரை. 1871 வரை ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. பிரஷ்யா, பவேரியா, ஹனோவர், பாடன், வூர்ட்டம்பர்க் என்று முப்பதுக்கும் மேற்பட்ட தனித்தனி அரசுகள். பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் பெரும்பாலும் அந்தந்த ஊர் சர்ச்தான் எழுதி வைத்தது. பேரரசு முழுக்க அரசே பதிவு செய்யத் தொடங்கியது 1876 ஜனவரியில்தான். ஆகவே ஊர்ப் பெயர் இல்லாமல் அந்தப் பக்கம் ஓரடி எடுத்து வைக்க முடியாது. அந்த ஊர்ப் பெயர் பெரும்பாலும் அமெரிக்காவில்தான் எழுதிக் கிடக்கும். அதனால் தேடலை இங்கேதான் தொடங்க வேண்டும்.

படி 1: வீட்டில் இருப்பதை எடுங்கள்

பைபிள், ஜெபப் புத்தகம், கடிதங்கள், புகைப்படத்தின் பின்பக்கம், இறுதிச் சடங்கு அட்டை, எதையும் விடாதீர்கள். பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசும்போது ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள். சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அப்படியே நம்பிவிடாதீர்கள். "எல்லிஸ் தீவு வழியாக வந்தார், அங்கே அதிகாரி பெயரை மாற்றிவிட்டார்" என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். எல்லிஸ் தீவு என்பது நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வருபவர்களைச் சோதித்த நிலையம். அது திறந்தது 1892 ஜனவரி 1 அன்று. 1850களில் வந்தவர் அதன் வழியாக வந்திருக்க வழியே இல்லை. அங்கே இருந்த அதிகாரிகளும் புதுப் பெயர் சூட்டவில்லை, கப்பல் ஏறிய துறைமுகத்தில் எழுதிய பட்டியலை வைத்துத்தான் ஆட்களைச் சரிபார்த்தார்கள். பெயர்கள் மாறியது உண்மைதான். குடும்பங்களே பிற்பாடு, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டவை அவை.

படி 2: மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பின்னோக்கிப் போங்கள்

அமெரிக்கா பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. 1950 வரையிலான ஏடுகள் இப்போது எல்லோரும் பார்க்கலாம். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் போதும். தெரிந்த ஆளிடமிருந்து தொடங்கி 1940, 1930, 1920 என்று ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குங்கள். நடுவில் தாண்டாதீர்கள். நான் 1920-லிருந்து நேராக 1860-க்குத் தாவி, அதே பெயரில் சின்சினாட்டியில் இருந்த வேறொருவரை மூன்று மாதம் நம்மவர் என்று நினைத்துத் துரத்தினேன். மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், வயது மூன்றும் பொருந்தினால்தான் அவர் நம் ஆள்.

1890 கணக்கெடுப்பு அநேகமாகக் கிடைக்காது. 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தோடு அதன் பெரும்பகுதி போய்விட்டது. 1850-க்கு முன்னால் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும்.

பிறந்த இடம் என்ற பத்தியை ஒவ்வொரு ஆண்டுக்கும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா 1860-ல் "ஹனோவர்", 1880-ல் "பிரஷ்யா". பொய் சொல்லவில்லை. ஹனோவர் ராஜ்ஜியத்தை 1866-ல் பிரஷ்யா எடுத்துக்கொண்டது. மனிதர் பிறந்த ஊர் அதே இடத்தில்தான் இருந்தது, ஆட்சிதான் மாறியது. இப்படிப்பட்ட சமயத்தில் பழைய பதிவுதான் உங்களுக்கு அதிகம் உதவும்.

1900 கணக்கெடுப்பை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பிறந்த மாதம், ஆண்டு, அமெரிக்கா வந்த ஆண்டு, குடியுரிமை நிலை எல்லாம் அதில் உண்டு. பெண்களிடம் இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேட்டார்கள்: எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள். அதற்குள் கொள்ளுத்தாத்தா இறந்துவிட்டார். விதவையான கொள்ளுப்பாட்டியின் பெயருக்கு நேரே 9 என்றும் பக்கத்தில் 4 என்றும் இருந்தது. குடும்பத்தில் யாருக்கும் அந்த ஐந்து பிள்ளைகளைப் பற்றித் தெரியாது. எனக்கு அன்றைக்கு அதற்கு மேல் திரையைப் பார்க்க முடியவில்லை.

படி 3: பெயரைப் பிரித்துப் பாருங்கள்

ஜெர்மன் பையன்களுக்கு ஞானஸ்நானத்தில் இரண்டு மூன்று பெயர் வைப்பார்கள். முதல் பெயர் பெரும்பாலும் யோஹான். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி நான்கு பேரும் யோஹானாக இருப்பார்கள். கூப்பிடும் பெயர் அடுத்து வருவதுதான். யோஹான் ஹைன்ரிஷ் என்று பதிவானவர் ஊரில் ஹைன்ரிஷ், அமெரிக்காவில் ஹென்றி. வில்ஹெல்ம் வில்லியம் ஆவார், கார்ல் சார்ல்ஸ் ஆவார். குடும்பப் பெயரில் ம்யூல்லர் மில்லர் ஆகலாம், ஷ்மிட் ஸ்மித் ஆகலாம், சிம்மர்மான் பொருள் மாறாமல் கார்ப்பென்டர் ஆகலாம். தேடும்போது இத்தனையையும் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. ஓஸ்னாப்ரூக், வெஸ்ட்ஃபாலியா பக்கங்களில் பண்ணைக்கு ஒரு பெயர் உண்டு. அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு குடிவந்த மாப்பிள்ளை அந்தப் பண்ணையின் பெயரையே ஏற்றுக்கொள்வார். கிழக்கு ஃப்ரீசியாவில் நெப்போலியன் காலம் வரை அப்பா பெயர்தான் பிள்ளையின் பின்பெயர், நம் இனிஷியல் மாதிரியே. அப்பாவுக்கும் மகனுக்கும் பின்பெயர் வேறாக இருந்தால் தவறான ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

படி 4: ஊர்ப் பெயர் இருக்கும் ஆவணத்தைத் தேடுங்கள்

உங்கள் நேரத்தில் பாதியை இந்தப் படிக்கு வையுங்கள். குடியேறியவர்கள் இங்கே கட்டிய ஜெர்மன் சர்ச்சின் பதிவேடுதான் என் முதல் தேர்வு. லூத்தரன் பாஸ்டரும் கத்தோலிக்கப் பாதிரியாரும் திருமணம், அடக்கம் எழுதும்போது பிறந்த ஊரையும் சேர்த்து எழுதும் வழக்கம் இருந்தது. அடுத்தது ஜெர்மன் மொழிப் பத்திரிகைகளில் வந்த மரண அறிவிப்பு. செயின்ட் லூயிஸில் 1835-லேயே ஜெர்மன் பத்திரிகை தொடங்கிவிட்டார்கள். அதே ஆளுக்கு ஆங்கிலப் பத்திரிகையில் இரண்டு வரி வந்திருந்தால் ஜெர்மன் பத்திரிகையில் பத்து வரி இருக்கும். கல்லறைக் கல்லையும் நேரில் போய்ப் பாருங்கள். "கெப்." என்ற சுருக்கத்துக்குப் பின்னால் ஊர் வந்தால் பிறந்த இடம், பெண்ணின் பெயரோடு வந்தால் அவர் பிறந்த வீட்டுப் பெயர்.

குடியுரிமைத் தாள்களில் 1906-க்கு முன் விவரம் குறைவு. ஆனால் எந்த மன்னருக்கான விசுவாசத்தைக் கைவிடுகிறார் என்று எழுதியிருப்பார்கள். ஹனோவர் மன்னர் என்று இருந்தால் தேடல் ஒரு ராஜ்ஜியத்துக்குள் சுருங்கிவிடும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் ஜெர்மனியில் பிறந்தவர்கள். உங்கள் மூதாதை அதில் இருந்தால், வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவருடைய ஓய்வூதியக் கோப்பைக் கேளுங்கள். கட்டணம் உண்டு, தயங்காதீர்கள். எங்கள் கொள்ளுத்தாத்தாவும் அந்தப் படையில் இருந்தவர். விதவை உதவித்தொகை வாங்க, கல்யாணம் எங்கே நடந்தது, பிள்ளைகள் எப்போது பிறந்தார்கள் என்று கொள்ளுப்பாட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சாட்சி சொல்லியிருந்தார்: "நாங்கள் இருவரும் ஒரே ஊர், சிறு வயதிலிருந்து தெரியும்." அந்தச் சாட்சியின் பெயரைத் தனியாகக் குறித்துக்கொண்டேன். பின்னால் அதுதான் கதவைத் திறந்தது.

படி 5: அந்தக் கையெழுத்தைப் படிக்கப் பழகுங்கள்

பழைய ஜெர்மன் கையெழுத்துக்குக் குர்ரென்ட் என்று பெயர். ஜெர்மன் தெரிந்த இளைஞர்களுக்கே அது புரியாது, அதனால் பயப்பட வேண்டாம். எழுத்து அட்டவணை ஒன்றை அச்செடுத்து, உங்கள் வீட்டார் பெயர்களை அந்த எழுத்தில் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். கை பழகினால் கண்ணும் பழகிவிடும்.

பைபிளின் கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். பெரிய 'என்', அதற்குப் பின்னால் மேலும் கீழுமாக எட்டுக் கோடுகள், ரம்பப் பல் மாதிரி. குர்ரென்டில் 'இ' இரண்டு கோடு, 'என்' இரண்டு கோடு, 'யு'வும் இரண்டு கோடு. 'இ'யின் கோடுகள் நெருக்கமாக இருக்கும், 'என்' சற்று அகலம், 'யு'வுக்கு மட்டும் தலைக்கு மேல் ஒரு சின்ன வளைவு. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மூன்றாவது, நான்காவது கோடுகளின் மேலே மை மங்கி ஒரு வளைவு. அப்படியானால் இ, யு, இ, என். அதற்குப் பின்னால் வந்தது 'கிர்ஷென்' என்று ஏற்கெனவே படித்திருந்தேன். நொய்யன்கிர்ஷென் (Neuenkirchen)!

படி 6: எந்த நொய்யன்கிர்ஷென்?

அந்தப் பெயருக்குப் புதிய கோயிலடி என்று பொருள் சொல்லலாம். நம்மூரில் எத்தனை புதூர் உண்டோ அப்படித்தான் வட ஜெர்மனியில் நொய்யன்கிர்ஷென்கள். இந்த இடத்தில் மேயர்ஸ் ஊர் அகராதியைப் பாருங்கள். ஜெர்மன் பேரரசுக் காலத்து ஊர்களையெல்லாம் தொகுத்தது, 1912 பதிப்பு இணையத்தில் இலவசம். ஒவ்வொரு ஊரும் எந்த ஆட்சிக்குட்பட்டது என்று அதில் இருக்கும். பொமரேனியா, சிலேசியா ஊர்களில் பல இன்று போலந்தில் வேறு பெயரில் இருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

1860 கணக்கெடுப்பு ஹனோவர் என்றதால் ரைனே அருகே உள்ளது, ஓல்டன்புர்க்கைச் சேர்ந்தது, கடலோரப் பொமரேனியாவில் இருப்பது எல்லாம் அடிபட்டன. அப்படியும் சோல்டாவ், பிராம்ஷே, மெல்லே பக்கத்தில் இருப்பவை மிஞ்சின. அப்போதுதான் ஓய்வூதியக் கோப்பில் வந்த பக்கத்து வீட்டுக்காரரைத் தேடினேன். அவருடைய கல்லறைக் கல்லில் "நொய்யன்கிர்ஷென், அம்ட் குரோனன்பெர்க்" என்று இருந்தது. அம்ட் என்றால் நிர்வாக வட்டம். குரோனன்பெர்க் என்பது மெல்லே பகுதியின் பழைய நிர்வாகப் பெயர். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து கிளம்பி, சேர்ந்து குடியேறுவது அன்றைய வழக்கம். அதனால் உங்கள் ஆளைப் பற்றி ஒன்றும் கிடைக்காவிட்டால் அவருடைய அண்டை வீட்டாரையும், பிள்ளைகளின் ஞானத்தகப்பன்களையும், கல்யாண சாட்சிகளையும் தேடுங்கள்.

படி 7: கப்பல்

எல்லோரும் முதலில் கப்பலைத்தான் தேடுகிறார்கள். ஹாம்புர்க்கில் ஏறியிருந்தால் அதிர்ஷ்டம், 1850 முதல் 1934 வரையிலான பட்டியல்கள் பிழைத்திருக்கின்றன, கடைசியாக வசித்த ஊரும் அவற்றில் உண்டு. பிரேமனில் ஏறியிருந்தால் 1920-க்கு முந்தைய பட்டியல்கள் அநேகமாக ஒன்றும் அங்கே மிஞ்சவில்லை. இடமில்லை என்று 1875 முதல் பழைய பட்டியல்களை அலுவலகமே அழித்தது, மீதியில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் போயிற்று. இறங்கிய துறைமுகத்தின் பட்டியலை அமெரிக்காவில் தேடலாம். நியூயார்க்கை மட்டும் பார்க்காதீர்கள். பிரேமனிலிருந்து பாய்மரக் கப்பலில் எட்டு, பத்து வாரம் கழித்து நியூ ஆர்லியன்ஸில் இறங்கி, மிசிசிப்பியில் நீராவிப் படகேறி செயின்ட் லூயிஸ் வந்தவர்கள் ஏராளம். எங்கள் ஆளும் அப்படி வந்தவர்தான்.

படி 8: ஊர் சர்ச்சின் பதிவேடு

புராட்டஸ்டன்ட் பதிவேடுகளுக்கு ஆர்க்கியோன், கட்டணத் தளம். கத்தோலிக்கப் பதிவேடுகளுக்கு மட்ரிகுலா, இலவசம். இரண்டிலும் இல்லையென்றால் அந்தத் திருச்சபையின் ஆவணக் காப்பகத்துக்கு எளிய ஜெர்மனில் நான்கு வரி எழுதுங்கள். பெயர், தோராயமான பிறந்த ஆண்டு, ஊர், மதப்பிரிவு, கட்டணம் எவ்வளவு என்ற கேள்வி, இவ்வளவு போதும். மாதப் பெயர்களில் ஒரு கண்ணி உண்டு: 7 போட்டு 'பெர்' என்றிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர்.

ஞானஸ்நானப் பதிவு கிடைத்தவுடன் நிறுத்திவிடாதீர்கள். அப்பாவின் தொழிலைப் பாருங்கள். எங்கள் பதிவில் "ஹாயர்லிங்" என்று இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் அவர் ஏன் கிளம்பினார் என்பதே புரிந்தது. ஹாயர்லிங் என்றால் நிலமில்லாத குத்தகைக் குடியானவர். பண்ணைக்காரர் ஒரு குடிசையும் துண்டு நிலமும் தருவார், வாடகை போக, கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் போய் வேலை செய்ய வேண்டும். பண்ணை பிரிக்கப்படாமல் ஒரே வாரிசுக்குப் போகும், இவர்களுக்கு என்றைக்கும் நிலம் வராது. இரவில் குடும்பமே ஆளி நார் நூற்று லினன் நெய்யும். கோடையில் ஆண்கள் ஹாலந்துக்கு நடந்து போய்ப் புல்லறுத்து, எரிக்க உதவும் சதுப்பு நிலக் கரி (பீட்) வெட்டுவார்கள். இயந்திரத் துணி வந்து லினன் விலை விழுந்தது. 1840களில் உருளைக்கிழங்கும் அழுகியது. மிசூரியிலோ அரசு நிலம் ஏக்கர் ஒன்றேகால் டாலர் என்று முன்னால் போனவர்கள் கடிதம் போட்டார்கள்.

கூடப் பிறந்தவர்களின் பதிவுகளையும் எடுங்கள், பெற்றோரின் அடக்கப் பதிவுகளையும் எடுங்கள். இறந்தவர் யார் யாரை விட்டுச் சென்றார் என்று பாஸ்டர் எழுதியிருக்கக்கூடும். கொள்ளுத்தாத்தாவின் அம்மா அவர் கிளம்பிப் பதினோரு வருடம் கழித்து இறந்திருக்கிறார். உயிரோடிருக்கும் பிள்ளைகள் என்ற இடத்தில் ஒரு மகளின் பெயர், அவள் வாழ்க்கைப்பட்ட ஊர். அதற்குக் கீழே மகனின் பெயர், பக்கத்தில் ஊர் எதுவும் இல்லை, "அமெரிக்காவில்" என்று மட்டும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பாட்டியிடம் கொடுத்தேன். அவர் அதைப் பைபிளுக்குள் வைத்து நாடாவைக் கட்டினார்.