தொட்டுக்கொள்ளச் சாதம்: குறைமாவு உணவைத் தொடங்குவதும் நாலு மணிப் பசியைச் சமாளிப்பதும்

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் குறைமாவு உணவில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே ஒரு தப்புச் செய்கிறார்கள். சாதத்தை மட்டும் நிறுத்திவிட்டு அதே இரண்டு ஸ்பூன் பீன்ஸ் பொரியல், ஒரு கரண்டி சாம்பார், ஒரு டம்ளர் மோர் என்று முடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். நம் சமையலில் சாதம் போக மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ளத்தான். அளவும் உப்பும் புளியும் காரமும் அதற்கேற்றபடி இருக்கும். சாதத்தை எடுத்துவிட்டால் தட்டில் சாப்பாடு என்று எதுவும் மிஞ்சாது. நாலு மணிக்குக் கால் தானாக பஜ்ஜிக் கடைக்குப் போகிறதென்றால் மனசில் உறுதி இல்லை என்று நொந்துகொள்ள வேண்டாம். மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே தட்டைத் திருப்பிப் போட வேண்டும்: காயும் கறியும் சாப்பாடு, சாதம் தொட்டுக்கொள்ள.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மருந்தளவை மாற்றாமல் மாவுச்சத்தைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவு ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. ரத்த அழுத்த மாத்திரையும் சிலருக்குக் குறைக்க வேண்டிவரும். இவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இனி கணக்கு. 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. ஒரு இட்லிக்கு ஏறக்குறைய 10, வீட்டுத் தோசைக்கு 20, சப்பாத்திக்கு 15 முதல் 18. காலையில் நாலு இட்லி, மதியம் தட்டு நிறையச் சாதம், இடையில் சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கட்டும், ராத்திரி மூன்று தோசை என்றால் 200 கிராமைச் சுலபமாகத் தாண்டிவிடும். முதல் இரண்டு வாரம் இதை 100க்குக் கொண்டுவந்தால் போதும். பிறகு 60, 70 என்று இறக்கலாம். எடுத்த எடுப்பில் 20 கிராமுக்குக் குதிப்பவர்கள் பத்து நாளில் பழையபடி பரோட்டாக் கடைக்குப் போய்விடுவதுதான் வழக்கம்.

மதியத் தட்டுக்கு ஓர் அளவு: புடலை, கோஸ், வெண்டை, கத்தரி, சுரை, கீரை என ஏதாவது ஒன்றோ இரண்டோ, நறுக்கிய எடையில் 250 கிராம். தேங்காய்த் துருவலைத் தாராளமாகப் போடுங்கள். மூன்று முட்டை, அல்லது 150 கிராம் மீனோ கோழியோ, சைவமென்றால் 100 கிராம் பனீர். ஒரு சின்னக் கிண்ணம் தயிர். கடைசியில்தான் சாதம், 100 கிராம். பரிமாறும் வரிசை முக்கியம். சாதத்தை முதலில் வைத்தால் கை பழைய அளவையே அள்ளும். பொரியலில் உப்பையும் காரத்தையும் வழக்கத்தைவிடக் குறையுங்கள்; சும்மா அள்ளிச் சாப்பிட வேண்டிய பண்டம் இப்போது அது.

சிறுதானியத்தை நம்பி ஏமாறாதீர்கள். கம்பு, ராகி, தினையில் நார் கூடுதல்தான், நல்ல உணவுதான். ஆனால் மாவுச்சத்து அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. தினைப் பொங்கல் இரண்டு தட்டு சாப்பிட்டால் அதுவும் பொங்கல்தான். கருப்பட்டி, தேன், நாட்டுச் சர்க்கரை மூன்றும் இந்தக் கணக்கில் சர்க்கரையே.

குழம்பை எதில் ஊற்றுவது என்பது அடுத்த கேள்வி. காலிஃபிளவர்ச் சாதம் நன்றாக வரும், பக்குவம் தெரிந்தால். அரை கிலோ பூவை மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, துணியில் பரப்பி அரை மணி நேரம் உலர்த்துங்கள். பெரிய கண் துருவியில் துருவுங்கள். மிக்ஸி என்றால் விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று போதும், அதற்கு மேல் போனால் விழுதாகிவிடும். அகலமான இரும்பு வாணலியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய், கடுகு தாளித்து, தீயைக் கூட்டி நாலைந்து நிமிடம் கிளறுங்கள். மூடி போடக் கூடாது. போட்டால் நீர் விட்டுக் குழைந்து, பலருக்கும் பிடிக்காத அந்த வாடை எழும். உப்பும் இறக்கும்போதுதான். வத்தக்குழம்புக்கும் மீன் குழம்புக்கும் பொருந்தும், தயிருக்கும் பரவாயில்லை. ரசத்துக்குச் சரிப்படாது. ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடுங்கள்.

முதல் வாரத்தில் எடை ஒன்றிரண்டு கிலோ இறங்கினால் துள்ள வேண்டாம், பெரும்பகுதி தண்ணீர். உடலில் சேர்த்துவைத்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கும்; அது கரையும்போது நீரும் போகிறது, கூடவே உப்பும். இரண்டாம் நாளிலிருந்து வரும் தலைவலி, சோர்வு, கெண்டைக்கால் பிடிப்பு பெரும்பாலும் இதனால்தான். நீர்மோரிலோ எலும்பு ரசத்திலோ தினம் அரை ஸ்பூன் உப்பு கூடுதலாகச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் இதைச் செய்யாதீர்கள்.

இப்போது அந்த நாலு மணி. வந்திருப்பது பசியா, நாக்கு கேட்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு அவித்த முட்டை வைத்தால் சாப்பிடுவீர்களா? சாப்பிடுவேன் என்றால் பசி. சாப்பிட்டுவிடுங்கள், நாளை மதியம் கறியையோ பனீரையோ கூட்டுங்கள். முட்டை வேண்டாம், சமோசாதான் வேண்டும் என்றால் அது நாக்கு. அதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, கொஞ்சம் காக்கவைத்தால் போதும். உப்பும் பெருங்காயமும் இஞ்சியும் போட்ட மோர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, இருந்த இடத்தை விட்டு எழுந்து கால் மணி நேரம் வேறு வேலை பாருங்கள். அலை பெரும்பாலும் அதற்குள் இறங்கிவிடும். கரகரவென்று ஏதாவது கடிக்க வேண்டுமென்றால் வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம். பொட்டலத்தோடு எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் அது கைப்பிடியோடு நிற்காது. தேங்காய்ச் சில்லும் நல்லது. முந்திரியில் மாவுச்சத்து கூடுதல், தள்ளிவையுங்கள்.

டீச் சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்தத் தேவையில்லை. நாலு நாளுக்கு ஒருமுறை அரை ஸ்பூன் குறைத்து வாருங்கள். ஒரு மாதத்தில் பழைய டீ பாயசம்போல் இனிக்கும். ராத்திரிப் பத்து மணிக்கு இனிப்பு தேடுபவர்கள் தூக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஐந்து மணி நேரம் தூங்குகிறவருக்கு எந்த உபாயமும் எடுபடாது.

கல்யாண வீட்டில் இலையில் கூட்டு, அவியல், பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்குங்கள், சாதம் ஒரு கரண்டி. பாயசம் பிடிக்குமென்றால் அப்பளத்தையும் உருளை வறுவலையும் விட்டுவிட்டு அரை டம்ளர் குடியுங்கள். மறுநாள் எடை ஒரு கிலோ ஏறியிருக்கும். தண்ணீர்தான் அது, பட்டினி கிடந்து ஈடுகட்டப் போனால் சாயங்காலம் மறுபடி பஜ்ஜிக் கடைதான். அடுத்த வேளையே வழக்கமான தட்டுக்குத் திரும்புங்கள்.

தொடங்கும் முன் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை கொழுப்புப் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு இந்த உணவில் கெட்ட கொழுப்பான எல்டிஎல் கணிசமாக ஏறும். ஏறியிருந்தால் வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெயைக் குறைத்து, கடலை எண்ணெய்க்கும் மீனுக்கும் மாறி, ஆறு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் ரிப்போர்ட்டோடு மருத்துவரிடம் போங்கள்.