குன்னூரிலிருந்து நந்தம்பாக்கம்: பெயர் தேடிப் போகிறவர்களுக்கு

சென்னையில் ஆட்டோக்காரரிடம் "வார் மெமோரியல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் முதல் தடவை அப்படிச் சொல்லித்தான் கடற்கரைச் சாலைப் பக்கம் இருக்கும் வட்ட நினைவகத்தில் போய் இறங்கினேன். அதுவும் போர் நினைவுச் சின்னம்தான், ஆனால் நான் தேடியது பரங்கிமலைக்கு அந்தப் பக்கம், நந்தம்பாக்கத்தில் இருக்கும் மெட்ராஸ் போர்க் கல்லறை, உலகப் போர்களில் இறந்தவர்களுக்கான இடுகாடு. இரண்டாவது ஆட்டோவுக்குக் கொடுத்த காசில் மதியச் சாப்பாடே முடிந்திருக்கும்.

நான் நீலகிரியில் இருக்கும் அருவங்காடு கார்டைட் (வெடிமருந்து) ஃபாக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவன். குன்னூரை ஒட்டிய பட்டாள ஊரான வெலிங்டன் பக்கத்திலேயே வளர்ந்ததால் பட்டாளத்துக் கல்லறை ஒன்றும் புதிதில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் இந்த மலையில் இறந்துபோன வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சிலரின் பெயர் மட்டும் சென்னையில் இருக்கிறது என்று தெரிந்தபோதுதான் ஆச்சரியமாக இருந்தது. உடம்பு இங்கே, பெயர் அங்கே. காரணம் எளிது. ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த கல்லறைகளை எப்போதும் பராமரிக்க முடியாது என்பதால், அந்தப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை நந்தம்பாக்கம் இடுகாட்டுக்குள்ளேயே ஒரு நினைவுச் சுவரில் பொறித்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கதை வேறு. 1952-இல் அந்த இடுகாட்டை அமைத்து, பல ஊர்களிலிருந்து உடல்களையே எடுத்து வந்து அடக்கம் செய்தார்கள். அப்படி அங்கே 850க்கும் மேல்.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் மெட்ராஸ் என்று போட்டுத் தேடுங்கள், ஒரு பெயரைத் தேர்ந்தெடுங்கள். கல்லறையாக இருந்தால் பிளாட், வரிசை, எண் மூன்றும் இருக்கும். நினைவுச் சுவராக இருந்தால் அதன் எந்த முகப்பு (face) என்று இருக்கும். ஒரு துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். எழுதாமல் போனால் வெயிலில் வரிசை வரிசையாக நடந்து, எல்லாக் கல்லும் ஒரே மாதிரி தெரிந்து, கடைசியில் எதையும் பார்க்காமல் திரும்புவீர்கள். எனக்கு அதுவும் நடந்தது.

நம் வீட்டுப் பெரியவர் யாராவது முதல் உலகப் போரில் மெசபடோமியா (இன்றைய ஈராக்) போய் மாண்டிருந்தால் அவரை இங்கே தேடிப் பயனில்லை. அவர்களுக்கான நினைவகம் ஈராக்கில், பாஸ்ராவில். அதிலும் இந்தியர்களில் அதிகாரிகளுக்குத்தான் பெயர். நம் சாதாரணச் சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட் வாரியாக எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும். எனக்கு இதில் இன்னும் வருத்தம் உண்டு.

சரி, பயணம். ராத்திரி மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்ட்ரல். அங்கேயே மெட்ரோ பிடித்து ஆலந்தூரில் இறங்குங்கள். பிறகு ஆட்டோவோ, போரூர் போகும் பேருந்தோ. "டிரேட் சென்டர் போற ரோடு, நந்தம்பாக்கம் மிலிட்டரி கல்லறை" என்று சொன்னால் போதும். ஒன்பது மணி வாக்கில் போய்ச் சேர்வது நல்லது. ஒன்று, நம் மலை உடம்புக்குச் சென்னை வெயில் தாங்காது. இன்னொன்று, காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் கல்லில் வெட்டிய எழுத்து நிழலோடு தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் போட்டோ எடுத்தால் வெறும் வெளுப்புதான். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்க்க வேண்டாம், கல் கெட்டுப்போகும்.

உள்ளே புல்வெளி, பூச்செடி, சிலுவைத் தூண். இதையெல்லாம் யாரும் சொல்லாமலே பார்த்துவிடுவீர்கள். உங்கள் கல்லின் முன்னால் மட்டும் கொஞ்சம் குனியுங்கள். மேலே படைப்பிரிவின் முத்திரை, பிறகு படை எண், பதவி, பெயர், இறந்த தேதி, வயது. கர்னலுக்கும் சிப்பாய்க்கும் கல் ஒரே அளவுதான். சில கற்களின் அடியில், புல்லை ஒட்டி, சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அது ராணுவம் எழுதியதல்ல. எங்கோ கடல் கடந்து இருந்த அம்மாவோ மனைவியோ சொல்லி அனுப்பியது. நின்றபடி பார்த்தால் கண்ணில் படாது. நான் மூட்டுவலியோடு உட்கார்ந்துதான் படித்தேன்.

பூ வைக்க நினைத்தால் தளர்வாக வையுங்கள், அங்கிருக்கும் செடியில் பறிக்காதீர்கள். நான் சட்டைப்பையில் யூகலிப்டஸ் கொழுந்து ஒன்று கொண்டுபோயிருந்தேன். ரயிலில் நசுங்கி வாசனை மட்டும்தான் மிச்சம். அதை வெலிங்டனில் இறந்த ஒருவரின் பெயர் இருந்த முகப்பின் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

திரும்பும் ரயிலும் ராத்திரிதான், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் போட்டுவிடாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் வேண்டாம் என்று தோன்றும், பர்லியார் தாண்டியதும் பஸ்ஸில் தேடுவீர்கள்.