திபெத்தியப் பெண்களின் ஸ்வெட்டர் கடைகளுக்கு உதவ நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

கர்நாடகத்தின் பைலகுப்பே, முண்ட்கோடு போன்ற திபெத்தியக் குடியிருப்புகளில் பல குடும்பங்களுக்கு ஆண்டு வருமானமே குளிர்கால ஸ்வெட்டர் வியாபாரம்தான். மழைக்காலம் முடிவதற்குள் பஞ்சாபின் லூதியானாவில் சரக்கு எடுத்து, அக்டோபரில் வெளியூர்களில் கடை போட்டு, லோசர் புத்தாண்டுக்கு முன் ஊர் திரும்புவார்கள். கடையைக் கவனிப்பது பெரும்பாலும் பெண்கள்.

இவர்களிடம் மாதத் தவணை கேட்பதுதான் பெரிய தவறு. ஆகஸ்டில் 2 லட்சம் ரூபாயை 12% வட்டிக்கு ஓராண்டுக் கடனாகக் கொடுத்தால் தவணை சுமார் 17,770 ரூபாய். செப்டம்பர், அக்டோபர் தவணைகள் கட்டும்போது விற்பனை சூடுபிடித்தே இருக்காது. சரக்கு வாங்கக் கொடுத்த பணத்திலேயே 35,500 ரூபாய் திரும்பிப் போய்விடும். நவம்பர் வரை வட்டி மட்டும், டிசம்பரில் பாதி அசல், பிப்ரவரியில் மீதி என்று வைத்தால் தாங்குவார்கள்.

முழுத் தொகையையும் சரக்கில் போடச் சொல்வதும் தவறு. கடை வாடகை முன்பணம், லாரிக் கூலி, தங்கும் அறை எல்லாம் முதல் ஸ்வெட்டர் விற்பதற்கு முன்பே வந்துவிடும். கால் பங்காவது கையில் இருக்கட்டும். லூதியானா மொத்த வியாபாரிகள் பழகியவர்களுக்குக் கடனுக்கே சரக்கு தருவதுண்டு. அது எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு, குறைவதை மட்டும் கொடுங்கள். குளிர் குறைந்த ஆண்டில் மிஞ்சும் சரக்கு அடுத்த சீசனில் பழைய டிசைன்தான்.

அடமானம் கேட்டுப் பயனில்லை, குடியிருப்பு நிலம் அவர்கள் பெயரில் இல்லை. ஒருவர் கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பேற்கும் ஐந்து பேர் குழுவுக்குக் கொடுக்கும்போது, ஐவரையும் ஸ்வெட்டர் வியாபாரிகளாகவே சேர்த்துவிடாதீர்கள். குளிர் ஏமாற்றினால் ஐவரும் சேர்ந்தே விழுவார்கள். உணவுக்கடை, விவசாயம், நெசவு என்று கலந்திருக்கட்டும்.

திபெத்திய அகதிகளுக்கு இந்திய அரசு தரும் பதிவுச் சான்றிதழ் காலாவதியாகிறதா என்று அவர்கள் கிளம்பும் முன்பே பாருங்கள். அதன் அடிப்படையில் வியாபார உரிமம் தர 2014ஆம் ஆண்டின் திபெத்திய மறுவாழ்வுக் கொள்கை இடம் தருகிறது. நகராட்சிகளில் பலருக்கு இது தெரியாது, கொள்கையின் நகலைக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

இதே குடியிருப்புகளில் கம்பளம் நெய்பவர்களிடம் முன்பணம் தராமல் ஆர்டர் கொடுப்பது இன்னொரு கொடுமை. சதுர அங்குலத்துக்கு 60 முடிச்சு என்றால், 3க்கு 6 அடிக் கம்பளத்தில் 1,55,520 முடிச்சுகள். ஒவ்வொன்றையும் கம்பியைச் சுற்றிப் போட்டு, வரிசையாக அடித்து இறுக்கி, கத்தியால் அறுக்க வேண்டும். கம்பளி நூலுக்கும் பாதிக் கூலிக்கும் பணத்தை முன்பே கொடுங்கள். நிறத்தையும் அளவையும் தறியில் பாவு (நெடுக்கு நூல்) பூட்டுவதற்கு முன் முடிவு செய்யுங்கள். நெசவு கீழிருந்து மேலே ஏறுவதால் நடுவில் மாற்றினால் அதுவரை நெய்தது அத்தனையும் வீண்.