சேஃப்டி ஷூ வாங்குறப்ப முதல்ல விரல் பக்கத்த பாருங்க

சேஃப்டி ஷூ கடிக்குதுன்னு யார்கிட்ட சொன்னாலும் ஒரே பதில் தான் வரும், "ஒரு வாரம் போடு, தானா சரியாயிடும்". சாதா லெதர் ஷூவுக்கு இது ஓரளவு உண்மை, தோலு காலுக்கு ஏத்த மாதிரி இழுபட்டு வந்துடும். ஆனா சேஃப்டி ஷூல விரல் இருக்குற இடத்துல உள்ள விரல மூடுற கெட்டியான ஒரு கவசம் இருக்கு, அதத்தான் கேப் (டோ கேப்)னு சொல்றது, ஸ்டீலோ, ஃபைபர் மாதிரி உலோகம் இல்லாத கம்பாசிட்டோ எதுவா இருந்தாலும் அது துளி கூட இளகாது, முதல் நாள் சுண்டுவிரல அழுத்துச்சுன்னா ஆறு மாசம் கழிச்சும் அதே இடத்துல தான் அழுத்தும், கடைசில கால் ஆணியும் கறுத்துப்போன நகமும் தான் மிச்சம். அதனால விலை, பிராண்டு, டிசைன் எல்லாத்துக்கும் முன்னாடி பாக்க வேண்டியது அந்த கேப்போட அகலம்.

நம்மள்ல பாதி பேரு ஸ்கூல் ஷூவ விட்டா வேலைக்கு வர்ற வரைக்கும் செருப்பு, இல்லன்னா வெறுங்கால் தான். விரல் நல்லா விரிஞ்சு முன்பாதம் அகலமா இருக்கும். இந்த காலைக் கொண்டு போய் குறுகலான முனை இருக்குற ஷூல திணிக்கிறப்ப இடிக்குது, உடனே கடைக்காரர் ஒரு சைஸ் பெருசு எடுத்துக் குடுப்பாரு, நாமளும் போட்டுப் பாத்துட்டு பரவால்லன்னு வாங்கிட்டு வந்துடுவோம். அங்க தான் பிரச்சனை ஆரம்பிக்குது. அகலம் கொஞ்சம் கூடுச்சு சரி, நீளமும் சேந்து கூடிடுச்சே, இப்ப நடக்குறப்ப குதிகால் தூக்கும், பின்னாடி கொப்புளம் வரும், மாடிப்படில முனை தட்டும். நீளம் பத்தலைன்னா சைஸ் ஏத்துங்க, அகலம் பத்தலைன்னா மாடலையே மாத்துங்க. வைட் ஃபிட்டிங்னு கேட்டா சில கம்பெனில தனியாவே இருக்கு, இல்லன்னா முனை உருண்டையா இருக்குற மாடலா பாத்து எடுங்க.

அளவு எடுக்குறது எப்படின்னா, ஷிஃப்ட் முடிஞ்சு சாயங்காலமா எடுங்க, காலைலேர்ந்து நின்ன காலு கொஞ்சம் வீங்கி தான் இருக்கும், அந்த கால் தான் ஷூக்குள்ள அதிக நேரம் இருக்கப்போற கால். வேலைக்கு போடுற அதே சாக்ஸ போட்டுக்கிட்டு ஒரு வெள்ள பேப்பர் மேல எடைய முழுசா போட்டு நில்லுங்க, வீட்ல யாரையாவது பென்சில நேரா புடிச்சு சுத்தி வரையச் சொல்லுங்க, நீங்களே குனிஞ்சு வரைஞ்சீங்கன்னா பாதம் சாஞ்சு அளவு தப்பாயிடும். ரெண்டு காலும் வரையணும், நிறைய பேருக்கு ஒண்ணு கொஞ்சம் பெருசா இருக்கும், பெரிய காலுக்கு தான் வாங்கணும். அந்த பேப்பர வெட்டி கையில எடுத்துட்டு போங்க. கடையில ஷூக்குள்ள பாதத்துக்கு அடியில இருக்குற இன்சோல, அதாவது உள் மெத்தைய, உருவி அதுமேல பேப்பர வெச்சுப் பாருங்க, சுண்டுவிரல் பக்கம் பேப்பர் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா அந்த ஷூவ அப்படியே திருப்பி வெச்சுடலாம், போட்டுப் பாக்கவே வேணாம். ஆன்லைன்ல வாங்குறவங்களுக்கும் இதே வித்தை தான், பார்சல் வந்ததும் தரையில போட்டு நடக்குறதுக்கு முன்னாடி இன்சோல உருவிப் பாத்துடுங்க, சோல்ல அழுக்கு பட்டா ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க.

சைஸ் நம்பர்லயும் ஒரு குழப்பம் இருக்கு. நம்ம ஊரு 7, 8, 9 எல்லாம் இங்கிலாந்து அளவு, ஒரு நம்பருக்கும் அடுத்ததுக்கும் கிட்டத்தட்ட எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். 41, 42னு போடுறது ஐரோப்பா அளவு, அதுல ஒரு நம்பருக்கு ஏழு மில்லிமீட்டர் கூட வராது. ரெண்டும் நேரா பொருந்தாததால ஒவ்வொரு கம்பெனி சார்ட்டும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதனால நம்பர நம்பாம சென்டிமீட்டர் கணக்க பாருங்க.

இப்ப போட்டுப் பாக்குறது. சாதா ஷூ வாங்குறப்ப கடைக்காரர் கட்டைவிரலால முன்னாடி அமுக்கி "இடம் இருக்கு சார்"னு சொல்வாரு இல்ல, சேஃப்டி ஷூலயும் பழக்க தோஷத்துல அதையே செய்வாங்க, கேப்ப அமுக்கி என்ன தெரியப்போகுது. அதுக்கு பதிலா லேஸ முழுசா தளத்திட்டு விரல் கேப்ப தொடுற வரைக்கும் கால முன்னாடி தள்ளுங்க, அப்ப குதிகாலுக்குப் பின்னாடி ஆள்காட்டி விரல் ஒண்ணு சிரமமில்லாம இறங்கணும். ரெண்டு விரல் இறங்குச்சுன்னா பெருசு. அப்புறம் குதிகால பின்னாடி நல்லா தட்டி உக்கார வெச்சு லேஸ கட்டி உள்ளுக்குள்ள விரல ஆட்டிப் பாருங்க, எல்லா விரலும் தனித்தனியா அசையணும், மேல் பக்கம் நகம் கேப்போட கூரையில இடிக்கக் கூடாது. அடுத்தது தான் முக்கியம், அப்படியே குத்த வெச்சு உக்காருங்க, முன்பாதத்துல எடை போட்டு குதிகால தூக்கி. கேப் முடியிற பின்பக்க விளிம்பு விரல் மடங்குற இடத்துல குத்துதான்னு பாருங்க. நின்னா தெரியாது, நடந்தா லேசா தெரியும், உக்காந்தா தான் பளிச்சுனு தெரியும். கைய உள்ள விட்டு தடவிப் பாத்தாலும் தெரியும், நல்ல ஷூல அந்த விளிம்புக்கு மேல பஞ்சோ ரப்பரோ ஒரு பட்டை வெச்சு மூடியிருப்பாங்க, மட்டமானதுல லைனிங் துணிக்கு அடியில அப்படியே கத்தி முனை மாதிரி கைக்கு தட்டுப்படும். வெல்டர், ஃபிட்டர், டைல்ஸ் போடுறவங்க, இப்படி நாள் முழுக்க குத்த வெச்சு வேலை செய்றவங்க இத பாக்காம வாங்கவே கூடாது.

பொம்பளைங்களுக்கு இன்னும் சிக்கல். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் லைன்ல பாதிக்கு மேல பொண்ணுங்க தான் நிக்குறாங்க, ஆனா நிறைய இடத்துல ஸ்டோர்ல இருக்குறது ஆம்பளைங்க ஷூவோட சின்ன சைஸ் தான். முன்பாதம் சரியா இருந்தா குதிகால் லொடலொடன்னு இருக்கும், குதிகால் சரின்னா முன்னாடி புடிக்கும், ஏன்னா பொதுவா பெண்களுக்கு முன்பாதத்த விட குதிகால் குறுகல். பெண்களுக்குன்னே தனி அச்சுல செஞ்ச மாடல் 3, 4, 5 சைஸ்ல கிடைக்குது, ஸ்டோர்ல கேட்டு வாங்குங்க, எல்லாரும் சேந்து கேட்டா வாங்கிக் குடுப்பாங்க.

இனி ஷூல இருக்குற குறியீடு. நாக்குலயோ உள்பக்கமோ பாத்தீங்கன்னா ஐஎஸ் 15298னு இருக்கும், அதுல பார்ட் 2ன்னா முழு சேஃப்டி ஷூ, கேப் 200 ஜூல் அடி தாங்கணும், அதாவது 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்துலேர்ந்து விழுறது. பார்ட் 3ன்னா 100 ஜூல் தான். பார்ட் 4ல கேப்பே கட்டாயம் இல்ல. விலை கம்மியா இருக்கேன்னு எடுக்குறதுக்கு முன்னாடி இந்த பார்ட் நம்பர பாத்துக்குங்க. ஐஎஸ்ஐ முத்திரைக்கு கீழ சிஎம்/எல்னு ஆரம்பிச்சு ஒரு லைசன்ஸ் நம்பர் இருக்கும், ஐஎஸ்ஐ முத்திரை குடுக்குற பிஐஎஸ்ஸோட 'பிஐஎஸ் கேர்' மொபைல் ஆப்ல அத போட்டா எந்த கம்பெனிக்கு குடுத்த லைசன்ஸ்னு வந்துடும், சென்னை பாரிஸ் கார்னர் கடையில வாங்கினாலும் சரி ஆன்லைன்ல வாங்கினாலும் சரி ஒரு நிமிஷ வேலை.

அதுகூட எஸ்1, எஸ்1பி, எஸ்3ன்னு ஏதாவது போட்டிருக்கும். எஸ்1ன்னா மூடின குதிகால், ஆன்டிஸ்டாட்டிக் (உடம்புல சேர்ற ஸ்டாட்டிக் கரன்ட தரைக்கு விடுறது), குதிகால்ல அதிர்ச்சி தாங்குற தன்மை. அதுகூட பி சேந்தா ஆணி ஏறாத மிட்சோல், அதாவது சோலுக்கு நடுவுல ஒரு தடுப்பு அடுக்கு. எஸ்2ன்னா எஸ்1 கூட மேல்பக்கம் தண்ணி சீக்கிரம் உள்ள போகாது, எஸ்3ல அதோட ஆணிக்கு பாதுகாப்பும் பள்ளம் பள்ளமான சோலும் சேந்து வரும். பெரிய நம்பரா இருந்தா நல்லதுன்னு எல்லாரும் எஸ்3 வாங்குறாங்க, மூடின ஷெட்டுக்குள்ள காஞ்ச தரையில நிக்குற ஆளுக்கு அது எதுக்கு, காத்து போகாம கால் வேகும். அவருக்கு எஸ்1 போதும். கட்டட வேலைக்கு ஆணி, கம்பி, தண்ணி எல்லாம் இருக்கு, அங்க எஸ்3 தான் சரி. அதுல ஸ்டீல் மிட்சோல்னா மெல்லிசு ஆணியக்கூட நல்லா தடுக்கும் ஆனா சோல் விறைப்பா இருக்கும், துணி மிட்சோல்னா நல்லா வளையும், பாதத்தோட முழு அகலத்துக்கும் மூடும், ஆனா மெல்லிசான கூர் ஆணி சில சமயம் பாய்ஞ்சுடும். சென்ட்ரிங் பலகை பிரிக்கிற இடமா இருந்தா நான் ஸ்டீலத் தான் சொல்லுவேன்.

வேலைக்கு வேலை மாறுற இன்னும் சிலது இருக்கு. ஃபவுண்டரி, வெல்டிங், சூடான சிப்ஸ் விழுற இடம்னா எச்ஆர்ஓன்னு (சூடு தாங்குற சோல்னு அர்த்தம்) போட்ட நைட்ரைல் ரப்பர் சோல், அது 300 டிகிரி சூட்டுல வெச்சு சோதிச்சது, பியூ (பாலியூரித்தேன்) சோல் அங்க உருகிடும். உருகின உலோகம் தெறிக்கிற இடத்துல லேஸ் ஷூ வேணாம், டக்குனு கழட்டுற மாதிரி மேல மூடினது தான் வேணும். கேன்டீன், ஆயில் சிந்துற மெஷின் ஷாப்னா வழுக்காததுக்கு அடையாளமா எஸ்ஆர்சின்னு இருக்கான்னு பாருங்க, சோப்பு தண்ணி விட்ட டைல்ஸ், கிளிசரால் விட்ட இரும்பு தரை ரெண்டுலயும் வழுக்குதான்னு பாத்திருப்பாங்க, புது மாடல்ல எஸ்ஆர்னு மட்டும் இருக்கும். கான்கிரீட் ஊத்துறவங்களுக்கு கம்பூட், ஈர சிமென்ட் ஷூக்குள்ள போய் மணிக்கணக்கா தோல்ல பட்டா வெந்து புண்ணாயிடும். எலக்ட்ரீஷியன் அண்ணன்மாருங்க ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, ஆன்டிஸ்டாட்டிக்னா ஷாக் அடிக்காதுன்னு அர்த்தம் இல்ல, உடம்புல இருக்குற ஸ்டாட்டிக் கரன்ட தரைக்கு கடத்தி விடத்தான் அத செஞ்சிருக்காங்க, உங்களுக்கு இன்சுலேஷனுக்குன்னு தனியா டெஸ்ட் பண்ணின ஷூ வேணும்.

ஸ்டீலா கம்பாசிட்டா? ரெண்டும் ஒரே 200 ஜூல் டெஸ்ட் தான் பாஸ் பண்ணியாகணும். கம்பாசிட் எடை கம்மி, வெயில்லயும் கோல்டு ஸ்டோரேஜ்லயும் சூடு குளிர் கடத்தாது, கேட்ல மெட்டல் டிடெக்டர் கத்தாது, ஆனா கேப் கொஞ்சம் தடியா இருக்கும். வேர்ஹவுஸ்ல நாள் முழுக்க நடக்குறவங்களுக்கு காசு கூட ஆனாலும் கம்பாசிட் நல்லது, ஒரே இடத்துல நிக்குறவருக்கு எடை அவ்வளவு பெரிய விஷயம் இல்ல. கனமான பொருள் விழுந்தா ஸ்டீல் மடங்கி விரல வெட்டிடும்னு ஒரு கதை எல்லா கம்பெனிலயும் சுத்துது, அந்த கேப்பையே மடக்குற அளவுக்கு ஒரு எடை விழுந்தா சாதா செருப்புல விரல் என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சா போதும்.

நின்னுக்கிட்டே வேலை செய்றவங்களுக்கு சோல் தான் எல்லாம். டபுள் டென்சிட்டி பியூன்னு கேளுங்க, கால் பக்கம் மெத்துனும் தரை பக்கம் கெட்டியாவும் ரெண்டு அடுக்கு, எட்டு மணி நேரம் சிமென்ட் தரையில நின்னா சாயங்காலம் முட்டியில வித்தியாசம் தெரியும். தனியா ஜெல் இன்சோல் வாங்கிப் போடுறவங்க ரெண்டு விஷயம் பாக்கணும், தடியான இன்சோல் கால மேல தூக்கி விரல கேப்ல இடிக்க வைக்கும், அதோட ஆன்டிஸ்டாட்டிக் ஷூலயோ, எலக்ட்ரானிக்ஸ் லைன்ல ஸ்டாட்டிக்க கடத்த போடுற ஈஎஸ்டி ஷூலயோ வேற இன்சோல் போட்டா அந்த தன்மையே போயிடலாம், லைனுக்குள்ள போறப்ப ஷூவ சோதிக்கிற டெஸ்டர்ல சிவப்பு எரியும். மேல் பாதம் உசரமா இருந்து லேஸ் அழுத்துதுன்னா அந்த இடத்துல மட்டும் குறுக்க கட்டாம ஓட்டைய நேரா மேல கோத்துட்டு போங்க, காசில்லாத வைத்தியம்.

அப்புறம் வேர்வை. சுத்த காட்டன் சாக்ஸ் நல்லதுன்னு சொல்வாங்க, நம்ம சீதோஷ்ணத்துல அது நனைஞ்சா நனைஞ்சபடியே இருக்கும், கொஞ்சம் பாலியஸ்டர் கலந்தது சீக்கிரம் காயும். முடிஞ்சா ரெண்டு ஜோடி வெச்சு மாத்தி மாத்தி போடுங்க, ஒரு ஜோடி தான்னா ராத்திரி இன்சோல உருவி தனியா காய வெச்சு ஷூக்குள்ள நியூஸ்பேப்பர கசக்கி வெச்சுடுங்க, வெயில்ல போட்டா தோல் வெடிக்கும். விரல் இடுக்குல சேத்துப்புண் வந்தா மொதல்ல அத ஆத்துங்க, புது ஷூ வாங்கி ஒண்ணும் ஆகப்போறதில்ல. சுகர் இருக்குறவங்க புது ஷூ போட்ட முதல் சில நாள் ஷிஃப்ட் நடுவுல ஒரு தடவ கழட்டி பாதத்த கண்ணால பாருங்க, உணர்ச்சி குறைஞ்ச காலுக்கு கடிக்கிறதே தெரியாது.

கம்பெனி குடுக்குற ஷூ பொருந்தலைன்னா வாய மூடிக்கிட்டு போட்டுக்காதீங்க. பாதுகாப்பு சாமானுக்கு தொழிலாளிகிட்ட காசு வாங்கக் கூடாதுன்னு 1948 ஃபேக்டரி சட்டத்துல 114-வது பிரிவே இருந்துச்சு, அதுக்கு பதிலா வந்த 2020 தொழில் பாதுகாப்பு சட்டத்தொகுப்புலயும் (கோடு) அதே விதி தான். கான்ட்ராக்ட் ஆளுங்ககிட்ட சம்பளத்துல புடிக்கிறது நிறைய இடத்துல நடக்குது, அது சரி இல்ல. ஸ்டோர்ல போய் "கடிக்குது"ன்னு பொதுவா சொன்னா நகர மாட்டாங்க, "இடது சுண்டுவிரல் கேப்ல இடிக்குது, அகலமான மாடல் வேணும்"னு எழுதிக் குடுங்க, சேஃப்டி ஆபீசருக்கு ஒரு காப்பி. அப்படி கேட்டா தான் ஸ்டோரோட கொள்முதல் லிஸ்ட்ல (இண்டென்ட்) ஏறும்.

வாங்குறப்ப தயாரிச்ச மாசம் வருஷத்தையும் பாருங்க, ஷூலயே போட்டிருக்கும். பியூ சோல் காத்துல இருக்குற ஈரப்பதத்துல தானாவே சிதையும், போடாம பொட்டிக்குள்ள வெச்சிருந்தாலும் சிதையும், சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல இன்னும் வேகமா. தள்ளுபடில கிடைச்சுதுன்னு மூணு நாலு வருஷ பழைய ஸ்டாக்க வாங்கிப் போட்டா ஒரு நாள் நடந்துக்கிட்டே இருக்குறப்ப சோல் பிஸ்கட் மாதிரி உதிரும். அதே மாதிரி கேப் மேல ஒரு தடவ கனமான அடி விழுந்துட்டா, வெளிய ஒண்ணும் தெரியலைன்னாலும் அந்த ஜோடிய குடுத்துட்டு வேற வாங்கிடுங்க. கம்பாசிட் கேப்ல விரிசல் உள்ளயே இருக்கும், தோலுக்கு மேல தெரியாது.