கழுத்தில்லாத முகம்: ரோபோ கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேர் தங்கள் ரோபோவோடு கோவையில் என் பட்டறைக்கு வந்தார்கள். இடுப்பளவு உயரம், உச்சியில் பத்து அங்குல டேப்லெட், அதில் பெரிய நீலக் கண்கள். "கழுத்து எங்கப்பா?" என்றேன். "திரையிலேயே கண்ணு நகருது சார், கழுத்து எதுக்கு?" என்றார்கள். ஆறு வருடத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன்.

வயரை மாற்றிச் சொருகுவது போன்ற தவறுகள் ஒரே நாளில் பிடிபட்டுவிடும். பணமும் மாதங்களும் போன பிறகு தெரிகிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

தட்டைத் திரையை உடம்போடு இறுக்குவது

காலண்டர் முருகனைப் பாருங்கள். அறையின் எந்த மூலையில் நின்றாலும் நம்மையே பார்ப்பார். தட்டையான படத்தின் இயல்பு அது. மோனாலிசா விளைவு என்பார்கள். டேப்லெட் முகமும் தட்டைப் படம்தான். கண்மணி நடுவில் நின்றால் கூடத்தில் உள்ள அத்தனை பேரையும் பார்க்கிறது. ஓரம் போனால் ஒருவரையும் பார்ப்பதில்லை. எதிரில் ஒரே ஆள் இருந்து சோதிக்கும்போது இந்தக் கோளாறு கண்ணில் படாது. என் மேசையிலும் படவில்லை.

அப்போது செய்த அந்த டேப்லெட் முக ரோபோவை முதியோர் இல்லம் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். நான்கு பாட்டிகள் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். "சாப்பிட்டீங்களா பாட்டி?" என்று கேட்டது. இரண்டு பேர் ஒன்றாகப் பதில் சொன்னார்கள். குரல்கள் கலந்து அதற்கு எதுவும் விளங்கவில்லை. அடுத்து ஓரத்தில் இருந்தவரின் முகத்தைக் கேமரா பிடித்தது, கண்மணி அவர் பக்கம் நகர்ந்தது. அவருக்கோ அது தன்னைத் தாண்டிப் பார்ப்பதாகத் தெரிந்திருக்கிறது. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே, "என்னைய எங்கீங்க கேக்குது? செவுத்தையில்ல பாக்குது" என்றார். ஒரு மணி நேரம் இருந்தோம். அவர் அதனிடம் வாயே திறக்கவில்லை. பேச்சுத்துணை இல்லாதவர்களுக்காகச் செய்த பொருள், அப்படி ஒருவரை ஒதுக்கிவிட்டது. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

ஸ்டாக்ஹோமின் கேடிஎச் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஃபர்ஹாட் ரோபோ, முகவடிவ மூடிக்குப் பின்னாலிருந்து படத்தைப் பாய்ச்சி இந்தச் சிக்கலைத் தாண்டுகிறது. அந்தச் செலவு நமக்குக் கட்டாது. கழுத்து கட்டும். டேப்லெட்டைக் கழற்றிவிட்டு, கண்ணுக்கு ஒன்றாக 1.28 அங்குல வட்டத் திரைகள் இரண்டு வைத்தேன். கழுத்துக்கு இரண்டு சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்): பக்கவாட்டுக்கு ஒன்று, மேல்கீழுக்கு ஒன்று. தலையின் எடை பேரிங்மேல் உட்கார வேண்டும். சர்வோ அச்சில் ஏற்றினால் கியர் பல் உதிரும். டேப்லெட் விலையில் பாதிகூட ஆகவில்லை. ஆனால் உடம்பையும் புரோகிராமையும் முதலிலிருந்து செய்ததில் மூன்று மாதம் போனது.

திருப்பும் விதமும் முக்கியம். கண்மணி முதலில் போகட்டும், 150 மில்லிசெகண்ட் கழித்துத் தலை. தலை வந்து சேரும்போது கண்மணி நடுவுக்குத் திரும்பிவிட வேண்டும். யாராவது கூப்பிட்டால் நாம் திரும்புவதும் இப்படித்தான். எஸ்ஜி90 என்ற சிறு சர்வோ 60 பாகையை ஏறக்குறைய 0.1 நொடியில் கடந்துவிடும். அந்த வேகத்தில் தலை வெட்டினால் குழந்தைகள் பின்வாங்குவார்கள். சிறுசிறு அடிகளாகக் கொண்டுபோங்கள்.

மறுபடி அதே கூடம், அதே கேள்வி. தலை அந்த ஓரத்துப் பாட்டியின் பக்கம் திரும்பி நின்றது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இட்லி" என்றார். பிறகு, "ரெண்டு."

வாய்க்கு முதலில் செலவழிப்பது

ஜப்பானில் ஹிடேகி கொசிமா உருவாக்கிய கீபான் என்ற குட்டி ரோபோவுக்கு வாயே கிடையாது. இரண்டு மஞ்சள் உருண்டை, இரண்டு கண், ஒரு மூக்கு. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அதோடு பழகினார்கள்.

பதில் வரும்வரை முகம் உறைவது

மனிதர் பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக 0.2 நொடி. இணையம் வழியே பதில் வர இரண்டு மூன்று நொடி ஆகலாம். அதுவரை முகம் அசையாவிட்டால், கேட்கவில்லை போல என்று கேட்டவர் திரும்பச் சொல்வார். அதோடு பேச்சு குழம்பும். பேசி முடித்தவுடன் கண்ணைச் சற்று ஒதுக்கி, ஒருமுறை இமைக்க வையுங்கள். இதற்கு முகத்தைத் தனி கன்ட்ரோலர் போர்டில் ஓட்டுவது நல்லது.

மனிதத் தோல் போன்ற சிலிகோன் உறை

வேண்டாம்.

சர்வோவுக்கும் போர்டுக்கும் ஒரே மின்சாரம்

தனித்தனியாகக் கொடுங்கள். கிரவுண்ட் வயரை மட்டும் ஒன்றாக இணையுங்கள்.

ஆளில்லாதபோதும் விழித்திருப்பது

கண்ணை மூட வையுங்கள். எங்களுடையது ராத்திரி முழுக்க இருட்டுக் கூடத்தில் விழித்துக்கொண்டிருந்தது. காலையில் போனபோது இல்லத்து ஆயாம்மா அதன் தலையில் துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார்.